இது எந்த ஆமை?

காட்டுயிர்களை அடையாளம் காண்பதில் வழக்கமான ஒரு வரிசை உண்டு. முதலில் இனம், அது தெரிந்தபின் ஆணா பெண்ணா, பிறகு வயது, அதுவும் தோராயமாக. நம் கண்முன் நிற்பது அந்த இனத்தில் எந்த ஒன்று என்ற கேள்வி வரிசையின் கடைசியில் கிடக்கும். பெரும்பாலான உயிர்களில் அதற்கு விடையே கிடைக்காது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் நேற்று வந்த அதே கரிச்சானா என்று, காலில் வளையம் மாட்டாமல் யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் காட்டோரங்களிலும் பண்ணை நிலங்களிலும் திரியும் பெட்டி ஆமையிடம் இந்த வரிசை தலைகீழாகிறது. இனத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆணா பெண்ணா என்பதைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்லலாம். வளர்ந்த ஆமையின் வயது அநேகமாக ஊகம்தான். ஆனால் இது எந்த ஆமை என்பதை, பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் எவரும் நல்ல உறுதியோடு சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் இங்கே என் வாதம். இனத்தின் பெயரை எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால் பெட்டி ஆமையைப் பற்றி நமக்குத் தெரியவருவது மிகக் குறைவு. தனி ஆமையை அறிந்தால்தான் அந்தக் காட்டில் என்ன நடக்கிறது என்பதே புரியும்.

இனத்தை முதலில் முடித்துவிடலாம். டெரப்பீன் கரோலினா என்பது இதன் இன்றைய அறிவியல் பெயர். லின்னேயஸ் 1758இலேயே இதை விவரித்துவிட்டார், வேறொரு பேரினத்தின் கீழ். மேலோடு உயர்ந்த குவிமாடமாக இருக்கும். அதன் நீளம் பெரும்பாலும் 11 முதல் 16 செ.மீ. வரை. நிலத்தில் நடமாடினாலும் இது நம் நட்சத்திர ஆமையைப் போன்ற நில ஆமைகளின் குடும்பம் அல்ல, குளத்து ஆமைகளின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. காலைப் பார்த்தாலே தெரியும்: நில ஆமைக்குத் தூணாக நிற்கும் கால், இதற்குத் தனித்தனி விரல்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளம் அடியோட்டில் இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு கீல் ஓடும். பயந்த ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அடியோட்டின் முன்பகுதியையும் பின்பகுதியையும் மேலே தூக்கி மேலோட்டின் விளிம்போடு பொருத்திவிடும். பிளாண்டிங் ஆமைக்கும் கீல் உண்டு, ஆனால் அது இவ்வளவு இறுக்கமாக மூடாது; அதன் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சள். சேற்று ஆமைக்கு இரண்டு கீல்கள். புல்வெளி மாநிலங்களில் வாழும் அலங்காரப் பெட்டி ஆமையின் முதுகு தட்டையாக இருக்கும், அடியோட்டில் வெளிர் கோடுகள் இருக்கும். மிசௌரிப் பக்கத்து மூவிரல் ஆமைக்குப் பின்காலில் பெரும்பாலும் மூன்று விரல்கள், கிழக்கத்திய ஆமைக்குப் பெரும்பாலும் நான்கு. இந்த மூவிரல் ஆமையைத் தனி இனமாக வைப்பதா, துணையினமாக வைப்பதா என்பதில் வகைப்பாட்டியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் கலந்து வாழும் பகுதிகளில் விரலை எண்ணித் தீர்ப்புச் சொல்வது வீண்வேலை. ஆசியாவிலும் பெட்டி ஆமைகள் உண்டு, நிக்கோபார் தீவுகளிலும் ஒரு வகை இருக்கிறது. அவை வேறு குடும்பம்; மூடிக்கொள்ளும் கீல் அங்கே தனியாகத் தோன்றியது.

ஆண், பெண் பிரிப்பதற்கு எல்லோரும் முதலில் பார்ப்பது கண்ணை. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் பழுப்பு என்பது பொதுவாகச் சரி. ஆனால் சிவந்த கண்ணுள்ள பெண்ணும் உண்டு, மங்கிய கண்ணுள்ள ஆணும் உண்டு. பெண்ணின் குவிந்த முதுகின்மேல் நிலையாக நிற்க வேண்டியிருப்பதால் ஆணின் அடியோட்டின் பின்பகுதி உட்குழிந்திருக்கும். வால் பருத்து நீண்டிருக்கும், பின்கால் நகங்கள் தடித்து வளைந்திருக்கும். இவற்றில் எதையும் தனியாக நம்பக் கூடாது. மூன்று சேர்ந்தால் நம்பலாம்.

வயதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஓட்டின் மேல் உள்ள ஒவ்வொரு தகட்டிலும் வளர்ச்சி வளையங்கள் தெரியும். மரத்தின் வளையம்போல எண்ணிவிடலாம் என்று தோன்றும். இளம் ஆமையில் இது ஓரளவு சரி. பதினைந்து, இருபது வயதுக்குமேல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால் புதிய வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பழையவை சருகிலும் மண்ணிலும் உரசித் தேய்ந்துவிடுகின்றன. ஓர் ஆண்டில் இரண்டு வளையம் விழுவதும் உண்டு, விழாமல் போவதும் உண்டு. ஆகவே எண்ணிக்கை தருவது குறைந்தபட்ச வயதை மட்டுமே. வழுவழுப்பான ஓட்டோடு வரும் ஆமைக்கு முப்பது வயதும் இருக்கலாம், எழுபதும் இருக்கலாம். இதற்கு மறுப்பாகச் செதுக்கிய ஆண்டுகளைக் காட்டுவார்கள். ஆமையின் அடியோட்டில் தங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் கத்தியால் கீறி விட்டுவிடும் பழக்கம் அமெரிக்கக் கிராமப்புறங்களில் இருந்தது. அப்படிப்பட்ட ஆமைகள் நூறாண்டைத் தாண்டியவை என்று அவ்வப்போது செய்தியும் வரும். ஓட்டில் ஓர் ஆண்டு இருக்கிறது என்பதால் அது அந்த ஆண்டில் செதுக்கப்பட்டது என்று ஆகிவிடாது. பதின்வயதுப் பையன் ஒருவன் குறும்புக்காகத் தன் தாத்தா பிறந்த ஆண்டைக் கீறிவிட எவ்வளவு நேரமாகும்?

அதற்காகச் செதுக்கல்கள் எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. 1913இல் கோப்பியா என்ற விலங்கியல் இதழைத் தொடங்கிய ஜான் ட்ரெட்வெல் நிக்கல்ஸ், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தான் கண்ட பெட்டி ஆமைகளின் ஓட்டில் தன் முதலெழுத்துகளான ஜே.என். என்பதையும் ஓர் எண்ணையும் பொறித்துவந்தார். எண்ணுக்கு நேராகக் குறிப்பேட்டில் இடம், தேதி, அளவு. 1939இல் அவர் பெட்டி ஆமையின் வளர்ச்சியையும் வயதையும் பற்றி எழுதிய கட்டுரை அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்ததுதான். ஊர்க்காரர் செதுக்கிய ஓட்டுக்கும் நிக்கல்ஸ் செதுக்கிய ஓட்டுக்கும் கீறலில் வேறுபாடு இல்லை. ஒன்றுக்குப் பின்னால் பதிவேடு இருக்கிறது, மற்றதற்கு இல்லை. பெட்டி ஆமையின் வயதை நம்பும்படி சொல்ல ஒரே வழி, அதே ஆமையை முன்பு ஒருமுறை பார்த்துப் பதிந்திருப்பது. வயது என்ற கேள்வியே கடைசியில் தனி ஆமை என்ற கேள்வியில் போய் நிற்கிறது.

இன்று அதற்குக் கத்தி தேவையில்லை. மேலோட்டின் நடுவரிசையில் ஐந்து தகடுகள், இருபுறமும் நான்கு நான்கு, விளிம்பைச் சுற்றிச் சிறு தகடுகள். கரும்பழுப்புப் பின்னணியில் ஒவ்வொரு தகட்டிலும் மஞ்சளோ ஆரஞ்சோ கோடுகளாக, புள்ளிகளாக, சிதறிய கிறுக்கல்களாக விழுந்திருக்கும். இடப்பக்கத் தகடும் அதற்கு நேரான வலப்பக்கத் தகடும்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஆமையை மெல்லத் தூக்கிச் சாய்த்தால் அடியோட்டில் வேறொரு வரைபடம்: சிலவற்றில் முழுக்கக் கறுப்பு, சிலவற்றில் தந்தநிறத்தின்மேல் மைதெறித்தது போன்ற கறைகள். இடவலத் தகடுகள் சந்திக்கும் தையல்கோடு நேராக ஓடாமல் எங்கேயாவது விலகி வளையும். அந்த விலகலும் ஆமைக்கு ஆமை வேறு. இவற்றோடு வாழ்க்கை சேர்த்த வடுக்கள்: நாய் கடித்துத் துண்டான விளிம்பு, புல்வெட்டும் எந்திரத்தின் அலகு பட்ட பள்ளம், காட்டுத்தீயில் கருகி உதிர்ந்து அடியிலிருந்து மங்கலாக வளர்ந்துவந்த ஓட்டுப் பகுதி. மேலிருந்து ஒன்று, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று, அடியிலிருந்து ஒன்று என நான்கு படங்கள் எடுத்துவிட்டு, ஆமையை எடுத்த இடத்திலேயே அது போய்க்கொண்டிருந்த திசைநோக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

படம் போதுமா என்று ஆய்வாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குட்டியின் மேலோட்டில் தகட்டுக்கு ஒரு மஞ்சள் பொட்டு மட்டுமே இருக்கும். வளர வளர வடிவம் மாறும். கிழட்டு ஆமையில் நிறம் தேய்ந்து மங்கும். அதனால்தான் ஃப்ரெட் கேகிள் 1939இல் முன்வைத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: விளிம்புத் தகடுகளுக்கு எண் கொடுத்து, குறிப்பிட்ட தகடுகளில் அரத்தால் சிறு வெட்டு ராவிவிடுவது. வெட்டுகள் எந்தெந்தத் தகட்டில் இருக்கின்றன என்பதே அந்த ஆமையின் எண். இது நெடுங்கால ஆய்வுக்குச் சிறந்தது. ஆனால் பல மாநிலங்களில் அனுமதி வாங்க வேண்டிய வேலை. இரண்டு ஆய்வுகள் அருகருகே நடந்தால் ஒரே எண் இரண்டு ஆமைகளுக்கு விழும் அபாயமும் உண்டு. வழியில் ஆமையைக் காணும் சாதாரண ஆளுக்கு அரம் எதற்கு? குட்டிகளை விட்டுவிடுவோம், அவற்றைக் காண்பதே அரிது, முதல் சில ஆண்டுகளுக்கு அவற்றின் கீல்கூட வேலைசெய்யாது. வளர்ந்த ஆமையில் மாற்றம் மெதுவானது. நிறத்தை மட்டும் நம்பாமல் தையல்கோடு, சிலவற்றில் இருக்கும் கூடுதல் தகடு, வடு ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிட்டால், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களையும் பொருத்திவிடலாம்.

சரி, அடையாளம் கண்டு என்ன பயன்? இந்த மாவட்டத்தில் பெட்டி ஆமை இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா, எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்கு வைத்தால் போதாதா என்பது வலுவான மறுப்பு. பறவைகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நன்றாகவே உதவுகிறது. பெட்டி ஆமையிடம் அது ஏன் பலிப்பதில்லை என்று புரிய, அது எப்போது கண்ணில் படுகிறது என்று பார்க்க வேண்டும். கோடை மழை விட்ட காலையில் காளானும் ஓடில்லா நத்தையும் தேடி வெளியே வரும். மே ஆப்பிள் என்ற காட்டுச்செடியின் பழம் கனியும்போது அதைத் தேடித் தின்னும்; விதைகளைப் பரப்பும் முக்கியமான விலங்குகளில் இதுவும் ஒன்று. வெயில் ஏறினால் சருகுக்கடியில் தன் உடல் அளவுக்கு ஒரு குழிவு செய்து உள்ளே அடங்கிவிடும். இரண்டடி தள்ளி நடந்தாலும் தெரியாது. வறண்ட வாரங்களில் சேற்றுக் குட்டையில் பாதி புதைந்து கிடக்கும். ஜூன் மாத மாலைகளில் முட்டையிடவரும் பெண், வெயில் படும் திறந்த மண்ணைத் தேடிச் சாலையோரத்துக்கே வந்துவிடும். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள். அங்கே உடலின் நீரில் பாதிக்குமேல் உறைந்துபோனாலும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய விலங்கு இது. ஆக, ஒரு கோடையில் பன்னிரண்டு முறை ஆமையைப் பார்த்தோம் என்ற கணக்கு மழையைப் பற்றியும் சாலையைப் பற்றியும் சொல்லும் அளவுக்கு ஆமைகளைப் பற்றிச் சொல்வதில்லை. அது பன்னிரண்டு ஆமைகளா, மழைக்கு மழை வெளியே வந்த ஒரே கிழட்டு ஆணா? எண்ணிக்கையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் சொன்னவர் லூசில் ஸ்டிக்கெல். மேரிலாந்து மாநிலத்தின் படக்ஸன்ட் காட்டுயிர் ஆய்வு மையத்தில், ஆற்றங்கரைக் காட்டின் ஏறக்குறைய 12 ஹெக்டேர் பரப்பில் 1940களில் அவர் ஆமைகளுக்கு எண் இடத் தொடங்கினார். பின்னாளில் பூச்சிக்கொல்லிகள் காட்டுயிர்களை எப்படிப் பாதிக்கின்றன என்ற ஆய்வுக்காகவும், 1973 முதல் அந்த மையத்தின் இயக்குநராகவும் அறியப்பட்ட அவர், அதற்கு வெகுமுன்பே செய்த வேலை இது. விளிம்பு வெட்டுகளோடு இன்னொரு உத்தியையும் பயன்படுத்தினார்: ஆமையின் முதுகில் ஒரு நூல்கண்டைப் பொருத்துவது. ஆமை நடக்க நடக்க நூல் பிரிந்து பின்னால் விழும். மறுநாள் நூலைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த மரக்கட்டையைச் சுற்றியது, எங்கே திரும்பி வந்தது என்பதெல்லாம் தரையிலேயே எழுதியிருக்கும். 1950இல் வெளியான முடிவுகளில், வளர்ந்த ஆமை ஒன்றின் நடமாட்ட எல்லையின் குறுக்களவு சராசரியாக நூறு மீட்டரை ஒட்டியே இருந்தது. பெண்களுக்குச் சற்றே அதிகம். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன; ஆமைகள் தங்கள் பங்கைக் காக்கச் சண்டையிட்டுக்கொண்டிருக்கவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை அதே காட்டை மறுபடி சல்லடை போட்டபோது பழைய எண்கள் பழைய இடத்தை ஒட்டியே கிடைத்தன. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: 1945க்கும் 1975க்கும் இடையே அங்கே ஆமைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. பாதுகாக்கப்பட்ட ஒரு காட்டுக்குள் நடந்த குறைவு அது.

வெறும் பார்வைக் கணக்கு வைத்திருந்தால் இந்தக் குறைவு தெரியவந்திருக்குமா என்பது சந்தேகம். அரை நூற்றாண்டுக்குமேல் வாழக்கூடிய விலங்கில், குட்டி ஒன்றுகூடப் பிழைக்காவிட்டாலும் காட்டில் ஆமைகள் ஆண்டுக்கு ஆண்டு தென்பட்டுக்கொண்டேதான் இருக்கும். "எங்கள் பக்கத்தில் ஆமைக்குப் பஞ்சமே இல்லை" என்று ஊர்க்காரர் சொல்வது பொய்யல்ல. அவர் பார்ப்பது இருபது ஆண்டுகளாக அதே சில முதியவற்றை. புது முகம் வருகிறதா என்பதுதான் கேள்வி. பழைய முகங்கள் தெரிந்தவருக்கே புது முகம் தெரியும்.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். ஆயிரக்கணக்கில் இருக்கும் இனத்தில் ஓர் ஆமையைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கிப்போனால் என்ன குறைந்துவிடும்? பெண் ஆமை முதல் முட்டை இடப் பல ஆண்டுகள் ஆகும், பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து. ஒரு கூட்டில் வழக்கமாக நான்கைந்து முட்டைகள். அவற்றில் பெரும்பகுதியை ரக்கூனும் ஸ்கங்க்கும் நரியும் தோண்டித் தின்றுவிடும். இப்படிப்பட்ட வாழ்க்கைமுறையில் எந்தக் கண்ணி அறுந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்பதை ஜஸ்டின் காங்டனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் காட்டினார்கள். மிச்சிகனில் பிளாண்டிங் ஆமைகளைப் பல்லாண்டு தனித்தனியாக அடையாளம் கண்டு தொடர்ந்த ஆய்வு அது. வளர்ந்த ஆமைகளின் சாவு ஆண்டுக்குச் சில விழுக்காடு கூடினாலே கூட்டம் தேயத் தொடங்கும். கூடுதல் முட்டை இட்டு அதை ஈடுகட்ட முடியாது. அது வேறு ஆமை என்பது உண்மை. ஆனால் தாமதமாகப் பருவமடைவது, குறைவாக முட்டையிடுவது, நெடுங்காலம் வாழ்வது ஆகிய மூன்றும் பெட்டி ஆமைக்கும் பொருந்துகின்றன. ஆயிரம் என்பது மாநிலக் கணக்கு. நூறு மீட்டரில் வாழ்க்கையை முடிக்கும் விலங்குக்கு மாநிலம் என்று ஒன்று இல்லை. அந்த ஓடைக்கரையில் உள்ள வளர்ந்த பெண்கள் எத்தனை என்பதே அதன் கணக்கு.

எல்லா ஆமையும் நூறு மீட்டருக்குள் கிடப்பதில்லை என்று இதற்கும் சான்றோடு பதில் வரும். மிசௌரியில் சார்ல்ஸ் ஷ்வார்ட்ஸும் எலிசபெத் ஷ்வார்ட்ஸும் லாப்ரடார் நாய்களைப் பழக்கி மூவிரல் ஆமைகளைத் தேடினார்கள். நாய் ஆமையைக் காயப்படுத்தாமல் கவ்விக் கொண்டுவந்து தரும். மனிதக் கண்ணுக்குச் சிக்காத ஆமைகள் எத்தனை என்பது அதில்தான் உறைத்தது. கால் நூற்றாண்டு நீண்ட அந்த வேலையில், பெரும்பாலான ஆமைகள் இருந்த இடத்திலேயே இருக்க, சில மட்டும் எங்கும் தங்காமல் கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டே இருப்பது தெரிந்தது. ராஸ் கீஸ்டரோடு சேர்ந்து 1982இல் அவர்கள் எழுதிய கட்டுரை, ஒரே இடத்தில் உறைந்துபோன கூட்டங்களுக்கிடையே மரபணுக்களைக் கொண்டுசெல்வது இந்த வழிப்போக்கர்கள்தான் என்றது. இது என் வாதத்தைக் குலைக்கவில்லை. யார் குடியிருப்பவர், யார் வழிப்போக்கர் என்பதே தனித்தனியாக அறிந்தால்தான் பிரிபடும். ஒருமுறை பார்த்த ஆமையிடம் அந்த வேறுபாடு எழுதியிருக்காது.

வழிப்போக்கர் இருப்பதால், ஆமையைத் தூக்கி நல்ல காட்டில் விட்டுவிடுவதும் தவறில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். இடம் மாற்றிய பத்து ஆமைகளையும் உள்ளூர் ஆமைகள் பத்தையும் வானலை அனுப்பும் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இடம் மாறியவை உள்ளூர் ஆமைகளைவிட வெகுதூரம் அலைந்தன. அவற்றில் பாதி இறந்தன அல்லது காணாமல் போயின. தானாகப் புறப்பட்டுப் போகும் ஆமையும், காரில் ஏற்றி இறக்கிவிடப்பட்ட ஆமையும் ஒன்றல்ல. சாலையின் நடுவில் இருப்பதைத் தூக்க வேண்டியிருந்தால், அது போய்க்கொண்டிருந்த பக்கத்து ஓரத்தில் விட வேண்டும். திருப்பிவிட்டால் மறுபடி சாலையில் இறங்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது. தனி ஆமையையும் அதன் இடத்தையும் இவ்வளவு துல்லியமாகப் பதிவது திருடனுக்கு வரைபடம் போட்டுக்கொடுப்பது ஆகாதா? ஆகும். செல்லப்பிராணி வணிகத்துக்காக ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியான இந்த ஆமைகள், 1990களின் நடுப்பகுதியிலிருந்து காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, ஐ.யு.சி.என். பட்டியலில் அழிவாய்ப்பு இனமாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. குறிப்பிட்ட இடத்தைவிட்டு நகராத விலங்கு என்பதால், இடம் தெரிந்தால் பறிப்பது எளிது. உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டுவது இதனால்தான். ஆனால் அடையாளத்தையும் இடத்தையும் ஒரே கையில் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. துல்லியமான இடம் அந்த மாநிலக் காட்டுயிர்த் துறையிடமோ ஆய்வு செய்பவரிடமோ மட்டும் இருக்கட்டும். பொதுவில் போடும் படத்திலிருந்து கைபேசி ஒட்டிவைக்கும் இடத்தகவலை நீக்க வேண்டும். பின்னணியில் தெருப்பலகையோ வீட்டுத் தபால் பெட்டியின் எண்ணோ தெரிந்தால் அதை வெட்டிவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு வேண்டியது ஓடு மட்டும்தான்.